குண்டு விழாத ஊரில் ஒரு போர்க்கதை
வாசகர் கேள்வி–பதில்

சிறுகதைப் போட்டிக்குப் ‘போர்க்காலம்’ என்று பொருள் கொடுத்ததிலிருந்து எங்கள் பெங்களூரு அலுவலகத்துக்குக் கதைகளைவிடக் கேள்விகளே அதிகம் வந்துகொண்டிருக்கின்றன. போர் நடக்கும் இடமும் காலமும் கதையின் முடிவை எந்த அளவுக்குத் தீர்மானிக்கலாம் என்பதையே பெரும்பாலோர் கேட்டிருப்பதால், இம்மாதம் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கதைகள் இனிமேல்தான் நடுவர்கள் கைக்குப் போகவிருக்கின்றன. ஆகவே கேட்டவர்களின் பெயரை விடுத்துப் பகுதியை மட்டும் குறித்திருக்கிறேன்.

அல்சூர் வாசகர்: என் கதை 1944-இல் அல்சூரில் நடக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து இத்தாலிக்குப் போன கணவனுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். அவன் திரும்பி வரும் நாளில் எதிரி விமானம் வீசிய குண்டில் அவள் இறந்துபோகிறாள். படித்த நண்பர்கள், முடிவு ஒட்டவில்லை என்கிறார்கள். போர் என்றால் குண்டு விழாதா?

விழும், ஆனால் அல்சூரில் விழவில்லை. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களின் மீதும், அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பெங்களூருக்கு அவை வரவில்லை. இதைத் தகவல் பிழை என்று திருத்திவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் நீங்கள் ஊரை விசாகப்பட்டினமாகவும் ஆண்டை 1942 ஆகவும் மாற்றினாலும் நண்பர்களின் குறை தீராது. பத்துப் பக்கம் அந்தப் பெண் காத்திருக்கிறாள், பதினோராம் பக்கத்தில் விமானம் வருகிறது, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விமானத்துக்குப் பதிலாகத் தெருமுனையில் ஒரு லாரி மோதியிருந்தாலும் கதை அதே இடத்தில்தான் முடிந்திருக்கும்.

அன்றைய பெங்களூரு, சண்டை எட்டிப் பார்க்காவிட்டாலும் சண்டைக்காக இராப்பகலாக வேலை செய்த ஊர். 1940-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை 1943-இல் அமெரிக்க விமானப்படையின் பொறுப்புக்குப் போய், விமானங்களைப் பழுது பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே முகாம்களில் இத்தாலியப் போர்க்கைதிகள் அடைபட்டிருந்தார்கள். உங்கள் நாயகியின் கணவன் இத்தாலியில் இருக்க, இத்தாலியர்கள் அவள் ஊர் எல்லையில் இருந்தார்கள் என்ற இந்த விசித்திரம் கையருகே கிடக்க, இல்லாத விமானத்தை எதற்கு வரவழைத்தீர்கள் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அல்சூருக்குப் போர் தபால்காரர் வழியாக வந்து சேர்ந்தது. வீரன் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு ஒதுக்கிவைக்க ஏற்பாடு இருந்தது. அது மணியார்டராக வரும். அவள் கைநாட்டு வைத்து வாங்குவாள். அது வரும் என்ற நம்பிக்கையில்தான் மளிகைக் கடைக்காரர் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் மண்ணெண்ணெயும் கொடுப்பார். அவன் எழுதும் கடிதமோ தணிக்கையாளர் கையைத் தாண்டி, கடல் தாண்டி, வாரக்கணக்கில் பயணம் செய்து, எங்கே இருக்கிறேன் என்ற ஒன்றை மட்டும் சொல்லாமல் வந்து சேரும். ஆக, அவன் இறந்த நாள் ஒன்று, அவள் அதை அறிந்த நாள் வேறொன்று. இடையில் கிடக்கும் அந்த நாட்கள்தான் போர் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கதை. இறந்தவனின் கடிதம் பிற்பாடு வந்து சேர்வதாக முடித்துவிடாதீர்கள். அதை எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டோம்.

நானாக இருந்தால் அந்தக் கணக்கு நோட்டின் பக்கம் போவேன். அந்த நாட்களில் அவள் கடனாக என்னென்ன வாங்கினாள் என்று பார்ப்பேன்: மகளுக்கு எண்ணெய், மாமியாருக்கு வெற்றிலை, அவன் வரும்போது காய்ச்சலாம் என்று எடுத்துவைத்த வெல்லம். செய்தி கடைத்தெருவுக்கு முதலில் வந்துவிடுகிறது. அதை அறியாமல் அவள் கடைக்குப் போய்க் கால் படி பருப்பு கேட்கிறாள். கடைக்காரர் பொட்டலம் கட்டி நீட்டுகிறார். எப்போதும் காதிலிருந்து பென்சிலை எடுத்து நோட்டில் எழுதுபவர், இன்று எழுதவில்லை. அவர் எழுதாததை அவள் பார்க்கிறாள். இந்த முடிவை விசாகப்பட்டினத்துக்கோ அமைதிக் காலத்துக்கோ நகர்த்திப் பாருங்கள், நகராது.

சாவுச் செய்தி கொண்டுவரும் தந்தி விஷயத்தில் நானே ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவன். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு கதையில் பட்டாளத்துக்காரரின் மனைவி வாசலில் தனியாக நின்று தந்தியைப் பிரிப்பாள். படித்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு சரிவாள். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அதைப் படித்துவிட்டு டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, எங்க தெருவுல தந்திக்காரன் சைக்கிள் நின்னாலே எட்டு வீட்டுக் கதவும் திறந்துடும். உன் கதையில அந்தப் பொம்பளை எப்படித் தனியா நிக்கறா?” என்றார். பதில் இல்லை. என் கதையின் முடிவு அவளுடைய தனிமையை நம்பி நின்றது. அந்தத் தெருவிலோ அப்படி ஒரு தனிமை கிடையாது. சாப்பர்களைப் படையில் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம் என்பதால், அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது செல்லமாகவா கண்டிப்பாகவா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

விவேக்நகர் வாசகி: முடிவைப் போர் தீர்மானிக்கிறது என்றால், பாத்திரம் வெறும் பொம்மை ஆகிவிடாதா? அவன் எடுக்கும் முடிவுக்கு என்ன மதிப்பு?

முந்தைய கேள்வியில் வந்த அதே படையிலிருந்து, நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, கண்ணிவெடி புதைத்த நிலத்தில் அடிபட்டுக் கிடந்தவர்களை மீட்கச் சென்ற குழுவுக்கு மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன் தலைமை வகித்தார். உடன் வந்தவர் ஒருவரின் காலடியில் கண்ணிவெடி சிக்கியது. அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது. சில நொடிகள் கழித்தே வெடிக்கும். அந்த நொடிகளுக்குள் சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்து மூடிக்கொண்டார். அவர் இறந்தார், உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். இறப்புக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. எதிரியை நேருக்கு நேர் சந்திக்காத இடத்தில் காட்டிய வீரத்துக்கு உரிய விருது அது. ஆம், நடந்தது போர்க்களத்தில்தான். ஆனால் எதிரி என்று ஓர் ஆள் கண்ணிலேயே படவில்லை.

இதில் போர் தீர்மானித்தது எது, மனிதர் தீர்மானித்தது எது என்று பிரித்துப் பாருங்கள். வெடி அங்கே இருந்ததும், அது தாமதமாக வெடிக்கும்படி செய்யப்பட்டிருந்ததும் போரின் வேலை. அந்தத் தாமதம் ஒருவர் ஓடித் தப்புவதற்கும் போதுமானது, விழுந்து மூடுவதற்கும் போதுமானது. எதைச் செய்வது என்பது மட்டும் அவருடையது. அமைதிக் காலத்தில் ஒரு மனிதன் நாற்பது வருடம் தள்ளிப்போடக்கூடிய முடிவை, போர் நாலு நொடிக்குள் கேட்டு வாங்கிவிடுகிறது. பாத்திரம் பொம்மையாவது, எழுதுபவர் அந்த நாலு நொடியையும் அவனுக்குக் கொடுக்காமல் பறித்துக்கொள்ளும்போதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு தியாகத்தோடு முடித்தால் அது நல்ல நினைவஞ்சலியாக இருக்கும். சிறுகதையாக நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம். எனக்குக் கதை வேண்டுமானால், கற்பனையாக வேறொரு படையில் வேறொரு கண்ணிவெடியை வைத்து, அதை மிதித்தவனைப் பின்தொடர்வேன். போர் முடிந்து அவன் ஊருக்கு வருகிறான். செருப்புப் போட்டு நடக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. வெறுங்காலில்தான் வயலுக்குப் போகிறான், ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்கிறான். அவன் யாருக்கு எதைச் சொல்கிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதில் அந்தக் கதையின் முடிவு இருக்கும்.

ஃபிரேசர் டவுன் வாசகர்: கதையில் ‘பெங்களூர் டார்பிடோ’வைச் சேர்த்திருக்கிறேன். போர்ச் சூழல் வந்துவிட்டதா?

தகவல் சரியானது. நீளக் குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கவைத்து வழி உண்டாக்கும் அந்தச் சாதனத்தை 1912-இல் இங்கிருந்த சாப்பர்ஸ் படையின் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கினார். ஆனால் உங்கள் கதையில் இரண்டு தாத்தாக்கள் திண்ணையில் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவே. யாராவது ஒருவன் மண்ணில் படுத்து அந்தக் குழாயைத் தள்ள வேண்டியிருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

இந்திராநகர் வாசகி: என் பாட்டி 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். நடந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். ‘நன்றாக இருக்கிறது, ஆனால் கதையாகவில்லை’ என்கிறார் என் கணவர். உண்மையில் நடந்ததற்கு மேல் முடிவு வேண்டுமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ‘பாட்டி வந்து சேர்ந்தார்’ என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. இல்லாவிட்டால் நீங்கள் ஏது? ஆகவே பாட்டி பிழைத்தாரா இல்லையா என்ற கேள்வி உங்கள் கதையை இழுத்துச் செல்லாது. வேறொரு கேள்வி வேண்டும். அதற்கு நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான்: பாட்டி எந்தத் தேதியில் கிளம்பினார்?

ரங்கூன் மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23-இல். ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தது 1942 மார்ச் 8-இல். கையில் பணமும் ஆள்பலமும் இருந்தவர்கள் தொடக்கத்திலேயே கப்பல் ஏறிவிட்டார்கள். மற்றவர்கள் வடக்கே நடந்து, எல்லையிலிருந்த தாமு வழியாக மலையேறி, இம்பாலைக் கடந்து, ரயில் பிடிக்கத் திமாப்பூர் வர வேண்டியிருந்தது. மே மாதம் மழை இறங்கிவிட்டால் அந்தப் பாதை சேறாகிவிடும். காலராவும் மலேரியாவும் பசியும் மழையோடு சேர்ந்துகொள்ளும். பிப்ரவரியில் கிளம்பியவருக்கும் ஏப்ரலில் கிளம்பியவருக்கும் ஒரே பாதைதான், ஆனால் ஒரே பயணம் அல்ல. தாமதித்த ஒவ்வொரு வாரத்துக்கும் வழியில் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் எதற்காகத் தாமதித்தார்கள்? தையல் எந்திரத்துக்கு விலை படியவில்லை என்றா? வட்டிக்குக் கொடுத்த பணத்தை வசூலிக்கப் போன தாத்தா திரும்பவில்லை என்றா? கைக்குழந்தைக்கு அம்மை வார்த்திருந்ததா? உங்கள் கையெழுத்துப் பிரதியின் நான்காம் பக்கத்தில், ‘சில காரணங்களால் கிளம்பத் தாமதமாயிற்று’ என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நீங்கள் தாண்டிய அந்த வரியில்தான் கதை உட்கார்ந்திருக்கிறது. ஒருவருடைய சொல்லைக் கேட்டுப் பத்து நாள் தங்கினார்கள், அதனால் மழை முந்திக்கொண்டது, வழியில் ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தார்கள் என்றால், தங்கச் சொன்னவரும் பாட்டியும் அதன்பிறகு ஒரே வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது முடிவாகும். நான் ஊகித்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது வேறாக இருக்கலாம். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் எதுக்கும்மா இப்ப’ என்று அவர் பேச்சை மாற்றினால், சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீராமபுரம் வாசகர் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): சங்கப் பாடல்களில் இல்லாத போர் இல்லை. இன்றைய சிறுகதைக்காரர் முடிவு அமைப்பதற்கு அவற்றில் ஏதேனும் உண்டா?

ஐயா, தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் மேலே மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது முல்லைப்பாட்டு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அங்கும் மழைதான் கெடு. கார்காலம் தொடங்குமுன் வருவேன் என்றவன் வரவில்லை. பாசறையில் அவன் தூக்கமில்லாமல் புண்பட்ட யானைகளையும் உணவு கொள்ளாத குதிரைகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறான். வீட்டில் அவள் பெருமழை கொட்டும் ஓசையைக் கேட்டுக் கிடக்கிறாள். 103 அடிகளின் முடிவில் அவன் வருகிறான். ஆனால் புலவர் அவனைக் காட்டுவதில்லை. தேரில் பூட்டிய குதிரைகளின் கனைப்பு அவள் காது நிறைய ஒலிக்கிறது; அத்தோடு பாட்டு நின்றுவிடுகிறது. போர்க்கதைக்கு இன்பமான முடிவு கூடாது என்று எழுதியிருந்த இருவருக்கும் இதுவே பதில். முல்லையில் மழை அவனை வீட்டுக்கு அழைத்து வருகிறது. பர்மாப் பாதையில் அதே மழை வீட்டை எட்ட விடாமல் செய்தது. களம் மாறியவுடன் ஒரே மழைக்கு எதிரெதிரான இரண்டு முடிவுகள்.

புறநானூற்றின் 278-ஆம் பாட்டை எடுத்துக்கொண்டால் இன்னும் கூர்மையாகத் தெரியும். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. உன் மகன் களத்தில் முதுகு காட்டினான் என்று பலரும் சொல்லக் கேட்ட முதிய தாய், அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுப்பேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள்; பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள்; சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, அவனைப் பெற்ற நாளைவிட அதிகம் மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சி எனக்கு அச்சமூட்டுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் கட்டமைப்பைப் பாருங்கள்: தொடங்கிவைப்பது ஒரு வதந்தி; பிணத்தைக் கண்டு தாய் மகிழ்வது என்ற முடிவு, மறத்தை அறமாகக் கொண்ட அந்த உலகத்துக்கு வெளியே ஒரு கணம்கூட நிற்காது. ஊர் சொன்னதை அவள் அப்படியே ஏற்கவும் இல்லை, தானே போய்ப் புரட்டிப் பார்க்கிறாள் என்பதை என் மாணவர்களுக்குத் தனியாகச் சுட்டிக்காட்டுவது வழக்கம்.

கே.ஆர்.புரம் வாசகர்: இலங்கையில் 2009-இல் போர் முடிந்தபோது காணாமல் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றி எழுதுகிறேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. திறந்த முடிவாக விட்டுவிடலாமா?

‘விட்டுவிடலாமா’ என்று கேட்கும்போதே உங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்று தெரிகிறது. முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். நீங்கள் ‘காணாமல் போன மகன்’ என்று எழுதுகிறீர்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்லிவருகிறார்கள். ‘போனான்’ என்றால் அவன் தானாகப் போனதாகிவிடும். ‘ஆக்கப்பட்டான்’ என்றால் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். உங்கள் கதையின் தாய் இவற்றில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாள், கிராம அலுவலர் எதைப் பயன்படுத்துகிறார், மருமகள் எதைச் சொல்லக் கூசுகிறாள் என்று தீர்மானித்துவிட்டால், கதை பாதி தானாக நகரும்.

அடுத்தது, காகிதம். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது, இந்தியாவில் 2024 வரை நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. இலங்கையில் 2016-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இறந்தார் என்று சொல்லாமல் அவரைக் காணவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்தைக் குடும்பத்தார் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன் மரணச் சான்றிதழை வாங்கு என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. காணியை மாற்றவும் வங்கிக் கணக்கைத் தொடவும் ஏதாவது ஒரு காகிதம் தேவைப்படுகிறது. ஆக, மகன் திரும்பி வந்தானா என்பதற்கு விடை சொல்ல உங்களால் முடியாது. போர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டுவிட்டது. ஆனால் மேசைமேல் இருக்கும் காகிதங்களில் எதை அவள் வாங்குவாள், எதை மறுப்பாள் என்பதற்கு விடை உண்டு, அதைச் சொல்லாமல் நழுவ உங்களுக்கு உரிமை இல்லை. கையெழுத்துப் போட்டால் பேரக்குழந்தைக்குக் காணி கிடைக்கும். போட்டால் மகனைத் தன் கையால் புதைத்ததாகவும் ஆகும்.

நீங்கள் அனுப்பிய பிரதியில் அவள் கோயில் வாசலில் விளக்கேற்றிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நிறுத்தியிருக்கிறீர்கள். விளக்கை அணைத்துவிட்டு அவளைப் பிரதேச செயலகத்தின் மரப்பெஞ்சில் உட்காரவையுங்கள். எழுத்தர் படிவத்தை நீட்டுகிறார். மகனின் பெயரை எழுதுகிறாள். பிறந்த தேதியை, நேரத்தோடு சேர்த்து எழுதுகிறாள், நேரத்துக்கு அங்கே கட்டம் இல்லாவிட்டாலும். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி எழுத்தரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இதை நீங்கள் எழுதுங்கோ, தம்பி. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்” என்கிறாள்.

எழுத்தர் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் எழுதி அனுப்புங்கள்.